ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும் மாதிரி) விமானத்தின் இறக்கையில் எய்லரான் சர்வோ பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் எய்லரான்கள்தான் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கின்றன. அவற்றை அசைக்கும் சர்வோவை (சிக்னலுக்கேற்ப ஒரு கையைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டி) பொருத்துவது ஒரு மாலை நேர வேலை. ஆனால் அந்த வேலையில் விட்ட சிறு ஆட்டமும் கோணப் பிழையும் விமானம் பறக்கும் காலம் முழுக்கத் தொடரும். டிரான்ஸ்மிட்டரில் எத்தனை வசதி இருந்தாலும் தளர்ந்த இணைப்பை அதனால் இறுக்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் மரம், திருகு, கம்பி ஆகியவை முதலில் வருகின்றன. ரேடியோ அமைப்புக்குக் கடைசி இடம்தான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சுமார் 1.5 மீட்டர் இறக்கை நீளம் கொண்ட, பால்சா மரத்தில் கட்டி ஃபிலிம் ஒட்டிய விமானம். பாதி இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சர்வோக்கள். ஒவ்வொன்றும் இறக்கையின் அடிப்பக்கத்தில் உள்ள மூடிப் பலகையின் உட்புறத்தில் படுக்கைவாட்டில் உட்கார்ந்திருக்கும். ஆர்ம் (சர்வோவின் அச்சில் மாட்டும் கை) மட்டும் பலகையில் உள்ள பிளவு வழியாக வெளியே நீட்டியிருக்கும். தெர்மாகோல் வகை இறக்கைக்கான மாறுதல்களைத் தனியே ஒரு பகுதியில் சொல்லியிருக்கிறோம்.

எந்த சர்வோ

இந்த அளவு விமானத்துக்கு ஸ்டாண்டர்ட் சர்வோ போதும். உடல் ஏறத்தாழ 40 மி.மீ நீளம், 20 மி.மீ அகலம், எடை 35 முதல் 55 கிராம். விசை 4.8 வோல்ட்டில் 3 கி.கி-செ.மீ (அச்சிலிருந்து 1 செ.மீ தொலைவில் 3 கிலோ விசை) இருந்தால் சாதாரணப் பறத்தலுக்குத் தாராளம். ஃபுடாபா எஸ்3003 போன்ற பழைய நம்பகமான சர்வோ இந்த அளவில்தான் வருகிறது. வேகமான சாகசப் பறத்தலுக்கு 5 கி.கி-செ.மீக்கு மேல், உலோகப் பல்சக்கரம் கொண்டதாக எடுங்கள்.

விசையைவிட மூன்று விஷயங்களை நாங்கள் முக்கியமாகப் பார்ப்போம். முதலாவது, ஆர்மைப் பிடித்து மெல்ல ஆட்டினால் பல்சக்கரத்தில் எவ்வளவு தளர்ச்சி தெரிகிறது. இரண்டாவது, இரு பக்கமும் அசைத்துவிட்டு விட்டால் ஒரே இடத்துக்குத் திரும்புகிறதா. மலிவான சர்வோக்களில் 10 கி.கி என்று எழுதியிருக்கும். ஆனால் இடமிருந்து வந்தால் ஓர் இடம், வலமிருந்து வந்தால் வேறோர் இடம் என்று நிற்கும். எய்லரானுக்கு அது உதவாது. மூன்றாவது, மின்னழுத்தம். 4.8 முதல் 6 வோல்ட் வரை என்று குறிப்பிட்ட சர்வோவை இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பாட்டரியில் நேரடியாக இணைத்தால், முழு சார்ஜில் 8.4 வோல்ட் பாய்ந்து உள் மின்சுற்று கருகிவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே மாடல் சர்வோவைத்தான் போட வேண்டும். மாடல் மாறினால் வேகமும் நடுநிலையும் மாறும். விமானம் ஒரு பக்கம் சுறுசுறுப்பாகவும் மறுபக்கம் மந்தமாகவும் சாயும்.

எடுத்து வைக்க வேண்டியவை

சர்வோ 2, அவற்றோடு வரும் ரப்பர் கிரோமெட் (அதிர்வைத் தாங்கும் வளையம்), பித்தளைக் குழல், திருகுகள். 30 செ.மீ எக்ஸ்டென்ஷன் வயர் 2 (சர்வோ வயரோடு சேர்த்து, இறக்கை நடுவிலிருந்து குறைந்தது 10 செ.மீ வெளியே வர வேண்டும், அளந்து பார்த்து வாங்குங்கள்). 2 மி.மீ எஃகுக் கம்பியில் ஒரு முனையில் மரை வெட்டிய புஷ்ராட் (ஆர்மையும் எய்லரானையும் இணைக்கும் கம்பி) 2, அதன் நுனியில் ஏறும் கவ்வியான கிளெவிஸ் 2, அதன் மேல் மாட்ட சிலிக்கான் குழாய்த் துண்டு, லாக் நட், பின்தட்டோடு கூடிய நைலான் கன்ட்ரோல் ஹார்ன் (எய்லரானில் பொருத்தும், துளைகள் கொண்ட கொம்பு) 2. சர்வோவைத் தாங்க 10 மி.மீ தடிமன், 20 மி.மீ அகலம், 20 மி.மீ உயரமுள்ள கடின மரக்கட்டை 4. பல கிட்களில் இவை வெட்டியே வரும்.

பசையில் இரண்டு வகை வேண்டும். ஒன்று, மெதுவாக இறுகும் எபாக்சி. சாதாரண அரால்டைட் சரியாக இருக்கும். ஐந்து நிமிட வகையை இந்த இடத்தில் பயன்படுத்த வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. இன்னொன்று தண்ணீர் போல ஓடும் சிஏ (சயனோஅக்ரிலேட்) பசை. கிடைக்காத ஊரில் ஃபெவிக்விக் அந்த வேலையைச் செய்யும்.

கருவிகளில் 1.5 மி.மீ மற்றும் 2 மி.மீ டிரில் பிட், சரியான அளவு பிளஸ் ஸ்க்ரூடிரைவர், மூலைமட்டம், கூர்முனை சால்டரிங் அயர்ன். சர்வோ டெஸ்டர் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் போதும்.

மின்மோட்டார் விமானமென்றால், முதல் வேலையாக ப்ரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். ரேடியோவை அமைக்கும்போது தவறுதலாகத் த்ராட்டில் (மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு) நகர்ந்து விரல் வெட்டுப்படுவது அடிக்கடி நடக்கிறது.

இறக்கையைத் தயார் செய்தல்

சர்வோவைத் தொடும் முன் எய்லரானைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தன் எடையாலேயே கீழே தொங்க வேண்டும். எங்கும் உரசல் கூடாது. கீல்கள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். தொழிற்சாலையில் ஒட்டிய கீல்களில் சில பசையே படாமல் வருவதுண்டு. எய்லரானுக்கும் இறக்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு தாளின் தடிமன் அளவுக்கு இருந்தால் போதும். 1 மி.மீக்கு மேல் இருந்தால் காற்று அதன் வழியாகக் கசிந்து எய்லரானின் செயல்திறனைக் குறைப்பதோடு அதிர்வுக்கும் வழி செய்யும்.

சர்வோ உட்காரும் சதுர அறையின் மேல் ஃபிலிம் மூடியிருக்கும். விரலால் தடவினால் விளிம்பு தெரியும். இதைக் கத்தியால் வெட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கத்தி ஃபிலிமோடு நிற்காமல் அடியிலுள்ள பால்சாவையும் கீறும். அந்தக் கீறலில்தான் இறக்கை பின்னாளில் பிளக்கத் தொடங்கும். சூடான சால்டரிங் அயர்ன் முனையை விளிம்பை ஒட்டி நகர்த்தினால் ஃபிலிம் உருகி ஒதுங்கும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. விளிம்பிலிருந்து 3 மி.மீ உள்ளே வெட்டி, மீதியை மடித்து ஒட்டிவிடலாம்.

அறைக்குள் வயரை இழுப்பதற்கான நூல் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால், சிறிய நட் ஒன்றை நூலில் கட்டி, இறக்கையைச் செங்குத்தாகப் பிடித்து ரிப்களின் (இறக்கையின் விலாச் சட்டங்களின்) துளைகள் வழியாக இறக்குங்கள். அது சிக்கினால், நூலின் நுனியை அறையில் விட்டு, இறக்கை நடுவிலுள்ள துளையில் வேக்வம் கிளீனர் குழாயை வைத்தால் நூல் தானாக ஓடி வந்துவிடும்.

முதலில் நடுநிலை

சர்வோவை இறக்கையில் மாட்டிய பிறகு நடுநிலை பார்ப்பது பலரின் வழக்கம். மாட்டும் முன்பே பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம். டிரான்ஸ்மிட்டரில் புதிய மாடல் நினைவகம் ஒன்றைத் திறந்து, டிரிம், சப்-டிரிம் (சர்வோவின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் அமைப்புகள்) இரண்டையும் பூஜ்யத்தில் வையுங்கள். சர்வோவை ரிசீவரில் இணைத்து மின்சாரம் கொடுங்கள். சர்வோ 1.5 மில்லிசெகண்ட் துடிப்பைப் பெற்று நடுவில் நிற்கும். (ஃபுடாபாவின் நடு 1.52, இந்த வேறுபாட்டைச் சப்-டிரிமில் கடைசியாக ஈடு செய்துகொள்ளலாம்.)

இப்போது ஆர்மை மாட்டிப் பாருங்கள். அது சர்வோ உடலுக்குச் சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பல் இப்படி, ஒரு பல் அப்படி என்று சற்றே சாய்ந்து நிற்கும். இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஃபுடாபா வகை அச்சில் 25 பற்கள். ஒரு பல் 14.4 பாகை. நான்கு கை கொண்ட பிளஸ் வடிவ ஆர்மை எடுத்துக்கொண்டால், கைகளுக்கு இடையே 90 பாகை, அது 6.25 பல். அந்தக் கால் பல் மிச்சத்தால் ஒவ்வொரு கையும் அடுத்ததிலிருந்து 3.6 பாகை விலகி உட்காரும். ஆக, நான்கு கைகளையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தால் ஏதோ ஒன்று ஏறத்தாழ நேராக நிற்கும். அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிடுங்கள். ஹைடெக் வகையின் 24 பல் அச்சில் இந்த வழி பலிக்காது. 90 பாகை சரியாக 6 பல் என்பதால் எந்தக் கையை மாட்டினாலும் ஒரே கோணம்தான். அங்கே மிச்சப் பிழையைச் சப்-டிரிமில்தான் சரிக்கட்ட வேண்டும். 23 பல் கொண்ட ஜே.ஆர். வகையும் உண்டு. ஒரு வகை ஆர்மை இன்னொரு வகை அச்சில் அழுத்தி ஏற்றினால் உள்பற்கள் மழுங்கி, பறக்கும்போது வழுக்கிவிடும்.

சப்-டிரிமைப் பத்து சதவீதத்துக்குள் வைத்திருங்கள். அதைத் தாண்டினால் ஒரு பக்கம் அசைவு குறைந்து மறுபக்கம் கூடும்.

மூடிப் பலகையும் மரக்கட்டைகளும்

சர்வோவைப் பலகையின் உட்புறத்தில் படுக்க வைத்து, ஆர்ம் பிளவின் நடுவில் வருமாறு நகர்த்துங்கள். ஆர்ம் முழு அசைவிலும் பிளவின் எந்த ஓரத்தையும் தொடக்கூடாது. பக்கவாட்டில் 1 மி.மீ இடம் வேண்டும். சர்வோ உடலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மி.மீ தடிமன் அட்டைத் துண்டைச் செருகிவிட்டு வேலையைத் தொடருங்கள். உடல் பலகையில் நேரடியாகப் பட்டால் எஞ்சினின் அதிர்வு ரப்பர் கிரோமெட்டைத் தாண்டி நேரே சர்வோவுக்குப் போய்விடும். கிரோமெட் இருந்தும் பயனில்லை.

சர்வோவின் இரு காதுகளின் (திருகு போடும் பக்க நீட்சிகளின்) அடியிலும் மரக்கட்டைகளை வைத்துப் பென்சிலால் குறியுங்கள். கட்டைக்கும் சர்வோ உடலுக்கும் நடுவே அரை மி.மீயாவது விடுங்கள். வயர் வெளிவரும் பக்கத்துக் கட்டையில் சிறு பள்ளம் அரவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வயரின் உறை கட்டையில் உரசி நாளடைவில் அறுந்துவிடும். கட்டையை வைக்கும் திசையும் முக்கியம். திருகு மரத்தின் நரம்புக்குக் குறுக்காகப் போக வேண்டும். நரம்பின் நுனிப்பக்கத்தில் ஏறும் திருகு எளிதில் உருவிக்கொண்டு வரும்.

அடுத்தது ஒட்டுதல். பலகையில் கட்டை உட்காரும் இடத்தையும் கட்டையின் அடியையும் 120 நம்பர் தேய்ப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். மெதுவாக இறுகும் எபாக்சியைத் தடவி அழுத்தி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வகை மரத்துக்குள் ஊறுவதற்குள் இறுகிவிடுகிறது. ஒட்டு மேலோட்டமாக நின்று, கடினமாகத் தரையிறங்கும்போது கட்டை முழுசாகப் பெயர்ந்து வருகிறது. எபாக்சி இறுகிய பின் பலகையின் வெளிப்பக்கத்திலிருந்து கட்டைக்கு ஒரு சிறு திருகு வீதம் போட்டுவிடுங்கள். சர்வோவின் முழு விசையையும் இந்த நான்கு ஒட்டுகள்தான் தாங்குகின்றன. பறக்கும்போது ஒரு கட்டை பெயர்ந்தால் அந்தப் பக்க எய்லரான் உங்கள் கையில் இல்லை. இறக்கை வேலையில் வேறு எங்கு அவசரப்பட்டாலும் இந்த இடத்தில் அவசரம் வேண்டாம்.

கிரோமெட்டைச் சர்வோ காதில் பக்கவாட்டில் செருகி, பித்தளைக் குழலைக் கீழிருந்து மேலாகத் தள்ளுங்கள். குழலின் அகன்ற விளிம்பு மரத்தின் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் குழலின் மெல்லிய முனை மரத்தில் புதைந்து, திருகை இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கிப் பலகைபோல் கெட்டியாகிவிடும்.

1.5 மி.மீ பிட்டால் கட்டையில் துளையிடுங்கள். திருகை ஒருமுறை முழுக்க ஏற்றிக் கழற்றி, துளையில் சிஏ பசை ஒரு துளி விட்டு முழுக்கக் காய விடுங்கள். மரை பதிந்த மரம் கெட்டியாகிவிடும். பின்னர் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் பிடிப்பு குறையாது. பசை ஈரமாக இருக்கும்போதே திருகைப் போட்டால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், கவனம். கடைசியில் சர்வோவை வைத்து, திருகின் தலை குழலைத் தொடும் வரை மட்டும் இறுக்குங்கள். அட்டைத் துண்டை உருவிவிடலாம்.

மூடிப் பலகை இறக்கையில் அமரும் நான்கு மூலைத் துளைகளுக்கும் இதே சிஏ முறையைச் செய்யுங்கள்.

வயர்

சர்வோ வயரையும் எக்ஸ்டென்ஷனையும் நிறம் பார்த்து இணையுங்கள். கறுப்பு அல்லது பழுப்பு மைனஸ், நடுவில் சிவப்பு ப்ளஸ், வெள்ளை அல்லது மஞ்சள் அல்லது ஆரஞ்சு சிக்னல். இந்த இணைப்பு இறக்கைக்குள் அடைந்து கிடக்கப் போகிறது, பறக்கும்போது கழன்றால் கை விட்டுச் சரிசெய்ய முடியாது. ஆகவே இரண்டு கனெக்டரையும் சேர்த்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்குங்கள், அல்லது அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால், நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி வழுக்கிவிடும்.

நூலில் கட்டி மெல்ல இழுங்கள். எங்காவது சிக்கினால் பலம் போடாமல் பின்னுக்கு விட்டு மறுபடி முயலுங்கள். இழுத்தபின், அறைக்குள் மிச்சமிருக்கும் வயர் ஆர்மின் பாதையில் வராதபடி ஒரு டேப் துண்டால் பக்கச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஸ்டாண்டர்ட் சர்வோவுக்கு 22 கேஜ் தடிமன் வயர் நல்லது. 26 கேஜ் மெல்லிய வயர் சிறிய 9 கிராம் சர்வோவுக்குப் போதுமானது. பெரிய சர்வோ சுமையில் இழுக்கும் மின்னோட்டத்தில் அதில் மின்னழுத்தம் விழும்.

கன்ட்ரோல் ஹார்ன்

மூடிப் பலகையை இறக்கையில் மாட்டிவிட்டு, ஆர்மிலிருந்து கீல் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு எய்லரானைத் தொடும் இடத்தில்தான் ஹார்ன் வர வேண்டும். இறக்கை நுனியை நோக்கிக் குறுகும் வடிவமாக இருந்தால் கீல் கோடு சாய்ந்திருக்கும். அப்போது புஷ்ராட் விமான உடலுக்கு இணையாக இருக்காது, கீல் கோட்டுக்குச் செங்குத்தாகவே இருக்கும். மூலைமட்டம் எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

பக்கத்திலிருந்து பார்க்கும்போது, ஹார்னின் துளைகள் கீல் கோட்டுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். துளைகள் பின்னால் தள்ளி இருந்தால் மேல் அசைவும் கீழ் அசைவும் தாமாகவே வேறுபட்டுப் போகும். அதோடு ஹார்ன் உட்காரும் இடத்தில் எய்லரானுக்குள் கெட்டி மரம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். வெறும் பால்சா என்றால், 2 மி.மீ துளைகளிட்டு உள்ளே சிஏ பசையை ஊற வைத்துக் காய்ந்த பின் திருகுகளைப் போட்டு, மேற்புறத்தில் பின்தட்டோடு இறுக்குங்கள். ஃபிலிம் லேசாக அழுந்தும் வரை போதும். மேலும் இறுக்கினால் பால்சா நசுங்கி, ஒரு மாதத்தில் ஹார்ன் ஆடத் தொடங்கும்.

புஷ்ராடும் துளைக் கணக்கும்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். சர்வோ ஆர்மில் நான்கைந்து துளைகள், ஹார்னிலும் நான்கைந்து. எதை எதோடு இணைப்பது?

எய்லரானின் அகலம் 40 மி.மீ என்றும், பின்விளிம்பு 10 மி.மீ மேலே போக வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அதற்கு எய்லரான் சுமார் 14.5 பாகை திரும்ப வேண்டும். ஹார்னில் கீலிலிருந்து 20 மி.மீ தொலைவிலுள்ள துளையை எடுத்தால், புஷ்ராட் நகர வேண்டியது 5 மி.மீ. ஆர்மில் 10 மி.மீ துளையில் மாட்டினால் சர்வோ 30 பாகை சுழன்று அந்த 5 மி.மீயைத் தரும். 15 மி.மீ துளையில் மாட்டினால் 19.5 பாகையிலேயே வந்துவிடும்.

குறைந்த சுழற்சியில் வேலை முடிகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. ஆர்ம் நீளும்போது அதே அளவுக்குத் தள்ளும் விசை குறைகிறது. சர்வோவின் நுண்படிகளில் மூன்றில் ஒரு பங்கை வீணாக்குகிறோம். பல்சக்கரத்தின் தளர்ச்சியும் ஒன்றரை மடங்காகப் பின்விளிம்பில் தெரியும். பிறகு டிரான்ஸ்மிட்டரில் அசைவை 60 சதவீதத்துக்கு இறக்கி ஓட்டுவார்கள். அசைவைக் குறைப்பதற்கு முதல் வழி ஆர்மில் உள்துளைக்கு வருவது. இரண்டாவது, ஹார்னில் வெளித்துளைக்குப் போவது. அதன் பிறகும் மிஞ்சினால் மட்டும் ரேடியோ.

ஹார்ன் பக்கத்துக் கணக்கும் இதே. கிளெவிஸ் ஊசிக்கும் துளைக்கும் நடுவில் 0.2 மி.மீ தளர்ச்சி என்றால், 20 மி.மீ துளையில் அது பின்விளிம்பில் 0.4 மி.மீ ஆட்டமாகத் தெரியும். 10 மி.மீ துளையில் 0.8 மி.மீ. வேகமாகப் பறக்கும்போது எய்லரான் படபடவென்று அடித்துக்கொள்வதற்கு இந்த ஆட்டம்தான் தொடக்கம்.

புஷ்ராடின் மரையில்லாத முனையை ஆர்மில் மாட்ட, கம்பியை இசட் வடிவில் வளைப்பதே எங்கள் தேர்வு. ஒருமுறை மாட்டினால் கழலாது. ஆர்மின் துளையை 2 மி.மீ பிட்டைக் கையால் சுழற்றி மெல்லப் பெரிதாக்குங்கள். மின்டிரில் துளையை நீள்வட்டமாக்கிவிடும். எல் வடிவில் வளைத்து நைலான் கீப்பர் போடுவதும் சரிதான். கீப்பர் சொடக்கென்று கம்பியில் பிடித்ததா என்று பாருங்கள்.

மறுமுனையில் லாக் நட்டை ஏற்றி, சிலிக்கான் குழாய்த் துண்டைக் கோர்த்து, கிளெவிஸை மரையில் குறைந்தது 15 சுற்று ஏற்றுங்கள். சர்வோ நடுநிலையில் மின்சாரத்தோடு இருக்கட்டும். எய்லரானை நேர்ப்படுத்த இரு பக்கமும் மெல்லிய தட்டையான குச்சிகளை வைத்து கிளிப்பால் பிடித்துக்கொண்டு, கிளெவிஸின் ஊசி தானாகவே ஹார்ன் துளையில் விழும்வரை சுற்றுங்கள். 2 மி.மீ மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.4 மி.மீ நகரும், மேலே சொன்ன அளவுகளில் அது பின்விளிம்பில் 0.8 மி.மீ. அரைச் சுற்றுகளாகவே போங்கள். சரியானதும் லாக் நட்டை இறுக்கி, சிலிக்கான் துண்டை கிளெவிஸின் இரு கால்களின் மேலும் தள்ளிவிடுங்கள். அது இல்லாமல் கிளெவிஸ் விரிந்து கழன்ற விமானங்கள் ஏராளம்.

புஷ்ராட் 15 செ.மீக்கு மேல் நீளும் வடிவமைப்பு என்றால் 2 மி.மீ கம்பி தள்ளும்போது வில்லாக வளையும். தடித்த கம்பி போடுங்கள், அல்லது கார்பன் குழாயில் நுழைத்து ஒட்டுங்கள்.

எல்லாம் ஆனதும் ஆர்மின் நடுத்திருகைப் போட மறக்காதீர்கள். ஆர்மைப் பலமுறை கழற்றி மாட்டியதில் அந்தத் திருகு மேசையிலேயே தங்கிவிடுகிறது.

ஒரு சேனலா, இரண்டா

இரண்டு சர்வோக்களையும் ஒய்-கேபிளில் (ஒரு முனை இரண்டாகப் பிரியும் வயர்) சேர்த்து ஒரே சேனலில் கொடுக்கலாம். அதற்கு அவை கண்ணாடிப் பிம்பமாக அமர்ந்திருக்க வேண்டும். அதாவது இரண்டின் அச்சும் இறக்கை நுனியைப் பார்க்க வேண்டும், அல்லது இரண்டும் உடலைப் பார்க்க வேண்டும். அப்போது ஒரே சிக்னலில் ஓர் ஆர்ம் முன்னும் மற்றது பின்னும் போகும். ஒன்று இப்படி ஒன்று அப்படி மாட்டிவிட்டால் இரண்டு எய்லரானும் சேர்ந்து இறங்கும், சேர்ந்து ஏறும்.

ரிசீவரில் சேனல் மிச்சமிருந்தால் இரண்டு சேனலில் போடுவதே நல்லது. ஒவ்வொரு சர்வோவின் நடுநிலை, எல்லை, திசை எல்லாவற்றையும் தனித்தனியே திருத்தலாம். முதல் சர்வோ எய்லரான் சேனலுக்கும் இரண்டாவது, பெரும்பாலான ரேடியோக்களில், 6ஆம் சேனலுக்கும் போகும். ஃபுடாபாவிலும் ஃப்ளைஸ்கையிலும் எய்லரான் 1ஆம் சேனல். ஸ்பெக்ட்ரம் வரிசையில் த்ராட்டில் முதலில் வருவதால் எய்லரான் 2ஆம் இடம்.

மின்சாரத்தையும் இங்கேயே கணக்கிட்டுவிடுங்கள். 30 ஆம்பியர் இ.எஸ்.சி.க்குள் (மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தி) இருக்கும் பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் சுற்று) பலவும் 2 ஆம்பியர்தான் தரும். ஓர் ஸ்டாண்டர்ட் சர்வோ தடைபட்டு நின்றால் தனியாகவே ஒரு ஆம்பியரைத் தாண்டும். உலோகப் பல்சக்கர வகை இரண்டுக்கு மேலும் போகும். நான்கு ஸ்டாண்டர்ட் சர்வோ இருந்தால் 5 ஆம்பியர் தரும் தனி ஸ்விட்சிங் பி.இ.சி. போடுங்கள். மின்னழுத்தம் விழுந்தால் ரிசீவர் அணைந்து எழும். அந்த இரண்டு விநாடியில் விமானம் தரையில் இருக்கும்.

ரேடியோ அமைப்பு

திசையை முதலில் பாருங்கள். விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே போக வேண்டும். குழப்பமில்லாத வழி: பெருவிரலை ஸ்டிக்கின் மேல் நிமிர்த்தி வைத்து நகர்த்துங்கள், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க எய்லரான் உயர வேண்டும். மாறியிருந்தால் ரிவர்ஸ் செய்யுங்கள். ஒவ்வொரு பறத்தலுக்கு முன்பும் இதைப் பாருங்கள், ஏனென்றால் எய்லரான் மாறிய விமானம் தரையை விட்டு எழும்பிய இரண்டாவது விநாடியில் கவிழும்.

அடுத்து எண்ட் பாயிண்ட், அதாவது அசைவின் கடைசி எல்லை. கிட் கையேட்டில் அசைவு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் இந்த அளவு விமானத்தின் முதல் பறத்தலுக்கு மேலே 10 மி.மீ, கீழே 8 மி.மீ, உடலை ஒட்டிய ஓரத்தில், எய்லரான் மிக அகலமான இடத்தில் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் அரை மி.மீக்குள் ஒத்துப்போக வேண்டும். எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 25 சதவீதம் தொடக்கத்துக்கு இதமாக இருக்கும். குறியைக் கவனியுங்கள்: ஃபுடாபாவில் மைனஸ் போட்டால்தான் நடுவில் மென்மையாகும், ஸ்பெக்ட்ரத்தில் ப்ளஸ்.

மேலே அதிகம், கீழே குறைவு என்பதற்குக் காரணம் உண்டு. கீழிறங்கும் எய்லரான் அந்தப் பக்கம் தூக்குவிசையோடு இழுவிசையையும் கூட்டுகிறது. மூக்கு திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுபடுகிறது. தட்டையான அடிப்பக்கம் கொண்ட பயிற்சி விமான இறக்கையில் இது நன்றாகத் தெரியும். இரண்டு சேனல் இருந்தால் டிஃபரென்ஷியல் என்ற பகுதியில் எண்ணை மாற்றினால் போதும். ஒய்-கேபிள் என்றால் இயந்திர முறையில்தான் செய்ய வேண்டும்: நம் அமைப்பில் ஹார்னும் ஆர்மும் அடிப்பக்கத்தில் இருப்பதால், நடுநிலையில் ஆர்மை முன்விளிம்பை நோக்கி 14.4 பாகை, அதாவது 25 பல் அச்சில் ஒரு பல், சாய்த்து மாட்டுங்கள். புஷ்ராட் பின்னால் தள்ளும் தொலைவு கூடி, முன்னால் இழுக்கும் தொலைவு குறையும். சமச்சீர் வடிவ இறக்கை கொண்ட சாகச விமானத்துக்கு இது பெரும்பாலும் வேண்டாம். தலைகீழாகப் பறக்கும்போது எதிர்விளைவு தரும்.

தெர்மாகோல் வகை இறக்கையில்

இபிஓ நுரை இறக்கையில் 9 கிராம் சர்வோவுக்கான குழி வார்க்கப்பட்டே வரும். சர்வோ உடலை மாஸ்கிங் டேப்பால் ஒரு சுற்று சுற்றி, டேப்பின் மேல் ஹாட் க்ளூ வைத்துக் குழியில் அழுத்துங்கள். வெறும் சர்வோவை ஒட்டினால் பசை மூடியின் இடுக்கு வழியாகப் பல்சக்கரத்துக்குள் போகலாம். பழுதானால் நுரையைப் பிய்க்காமல் எடுக்கவும் முடியாது. வெள்ளைத் தெர்மாகோலில் சாதாரண சிஏ பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். நுரைக்கான தனி வகையை வாங்குங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விமானத்தை வைத்தால் ஹாட் க்ளூ இளகி சர்வோ நகர்ந்துவிடும். அப்படி வைக்க நேர்ந்தால், பறக்கும் முன் ஒவ்வொரு சர்வோவையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

சோதனையும் கோளாறுகளும்

மின்சாரம் கொடுத்த நிலையில் எய்லரானின் பின்விளிம்பைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். அரை மி.மீ வரை பொறுக்கலாம். 1 மி.மீ தாண்டினால் பறக்க வேண்டாம். எங்கே ஆட்டம் என்று கண்டுபிடிக்க, ஒருவர் ஆட்டும்போது மற்றவர் ஒவ்வோர் இணைப்பாக விரல் வைத்துப் பாருங்கள்: கிளெவிஸ் ஊசி, ஆர்ம் துளை, ஆர்மின் பல், கிரோமெட், கட்டை. கிரோமெட்டில் சர்வோ முழுசாக அசைந்தால் திருகு தளர்ந்திருக்கிறது.

ஸ்டிக்கைத் தொடாதபோது சர்வோ தொடர்ந்து ரீங்கரித்தால் கிளெவிஸைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் கீலிலோ புஷ்ராடிலோ இறுக்கம். நிற்காவிட்டால் சர்வோவின் குறை. டிஜிட்டல் சர்வோவில் மெல்லிய ரீங்காரம் இயல்பு. முழு அசைவின் கடைசியில் மட்டும் முனகினால், ஆர்ம் பிளவின் ஓரத்தில் இடிக்கிறது அல்லது கீல் தன் எல்லையை எட்டிவிட்டது. அப்படியே விட்டால் சர்வோ சூடேறும், பாட்டரி சீக்கிரம் இறங்கும்.

எய்லரான் நடுவுக்குத் திரும்புவதில் தாமதமோ வித்தியாசமோ இருந்தாலும் இதே சோதனைதான். கிளெவிஸ் இல்லாமல் சர்வோ சரியாக நின்றால், கீல் இடைவெளியில் பசை வழிந்து இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பறக்கும்போது இறக்கையிலிருந்து திடீரென்று அதிர்வொலி வந்தால் எய்லரான் அடித்துக்கொள்கிறது. உடனே த்ராட்டிலைக் குறைத்து, மூக்கைச் சற்றுத் தூக்கி வேகத்தை இழக்கச் செய்து, இறக்கிவிடுங்கள். தரையில் எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி ஏற்ற வேண்டாம். சில விநாடி அதிர்வே பிளாஸ்டிக் பற்களைச் சிதைத்திருக்கும், கீல்களைத் தளர்த்தியிருக்கும். ஆர்மை முழு வீச்சிலும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். எங்காவது தடுக்கினால் அல்லது துள்ளினால் பல் போய்விட்டது.

முதல் பறத்தல் முடிந்ததும் இரண்டு மூடிப் பலகைகளையும் திறந்து, சர்வோ திருகுகள், ஆர்மின் நடுத்திருகு, கட்டைகளின் ஒட்டு, கனெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள். ரப்பர் புதிதாக அமர்வதால் திருகுகளில் கால் சுற்று தளர்ச்சி இருக்கக்கூடும். காற்றில் வைத்த டிரிம் எவ்வளவு என்று பார்த்து, அந்த அளவுக்கு கிளெவிஸைத் திருகி, டிரிமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்துப் பறத்தலுக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்தால் போதும்.